போர்டு தெரியாத கண்

கோவை காந்திபுரத்தில் நின்றுகொண்டு, வருகிற பஸ் திருப்பூருக்கா ஈரோட்டுக்கா என்று கண்ணை இடுக்கிப் பார்த்தேன். வலது கண்ணில் பொரை. போர்டில் இருந்த எழுத்தெல்லாம் மழையில் நனைந்த மை மாதிரி பரவிக் கிடந்தது. பக்கத்தில் புத்தகப் பையோடு நின்ற பெண், "ஏனுங் தாத்தா, எங்க போகோணும்?" என்றாள். கருமத்தம்பட்டி என்றேன். "இதுவே போகுமுங், ஏறிக்குங்க." கண் தெரியாததைவிட அந்தத் 'தாத்தா'தான் உறைத்தது.

அங்கே ஜெபமாலை மாதா கோயிலுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு பிரெஞ்சுக்காரர் ஞாபகம் வரும். மெல்கியோர் தெ மரியோன் பிரெசியாக். 1846 அக்டோபர் 4-ல் இந்தக் கருமத்தம்பட்டியில்தான் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அப்போது வயது 32. கோவை பெரிய கடைவீதி மிக்கேல் பேராலயத்தின் வேலை தொடங்கியதும் அவர் காலத்தில்தான்.

ஆனால் அவர் மனம் கட்டடத்தில் இல்லை. இந்த மண்ணின் பிள்ளைகளே குருக்களாகி, இந்த மண்ணின் திருச்சபையைத் தாங்களே நடத்த வேண்டும் என்று நினைத்தார். கூட இருந்த ஐரோப்பியக் குருக்கள் பலருக்கு அதில் அத்தனை அவசரம் இல்லை. கோயிலுக்குள்ளும் வந்து உட்கார்ந்த சாதி வழக்கத்தை விடுவதா, பிடிப்பதா என்ற சண்டை வேறு. எது சரி என்று தன் மனசாட்சிக்கே தெளிவாகவில்லை என்று தவித்து, 1855-ல் பதவியை விட்டார். என் பார்வையில் அவருடைய பெருமையே அங்கேதான். தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கவில்லை.

சும்மாவும் இருக்கவில்லை. மறு வருஷமே லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைப்பணிச் சபையைத் தொடங்கினார். 1859 மே மாதம் சியரா லியோனின் ஃப்ரீடவுனில் இறங்கினார். ஊரெல்லாம் மஞ்சள் காய்ச்சல். உடனிருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சாய, ஜூன் 25-ல் அவரும் போய்விட்டார். இறங்கி ஆறு வாரம்.

அந்தச் சபை பிழைத்து வளர்ந்தது, 2020-ல் ரோம் அவரை 'வணக்கத்துக்குரியவர்' என்று அறிவித்தது என்று சொல்லிக் கதையைச் சுபமாக முடிப்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. படுக்கையில் கிடந்த மனிதருக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? கோவையில் பாதியில் விட்டது, ஆப்பிரிக்காவில் தொடங்கியதுமே குலைந்தது. அவர் கண்ணுக்கு எட்டியது அவ்வளவுதான்.

இப்போது நாம் காண்பதெல்லாம் கண்ணாடியில் மங்கலாகக் காண்பதுதான் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார். அந்தக் கண்ணாடி நம் வீட்டு ரசக் கண்ணாடி இல்லை, வெண்கலத்தைத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியது. முகம் இருப்பது தெரியும், முகக்களை அத்தனை தெளிவாகத் தெரியாது. நான்காம் நூற்றாண்டு நீசா நகர் கிரகோரி இன்னும் ஒரு படி மேலே போனார். கடவுளை எவ்வளவு கண்டாலும் காண்கிற ஆசை தீராது, அந்தத் தீராமையே காட்சி என்றார். கொங்குக் காட்டில் கிணற்றை ஆழப்படுத்துகிறவர்களுக்கு இது புரியும். ஊற்று வந்ததும் யாரும் கடப்பாரையைப் போட்டுவிட்டு ஏறி வருவதில்லை.

கண் டாக்டர் அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார். முன்னே மாதிரி பொரை முத்தட்டும் என்று இப்போதெல்லாம் காத்திருப்பதில்லையாம்.

திரும்பும்போது இருட்டிவிட்டது. கேட்க ஆளில்லை. விளக்கைப் போட்டுக்கொண்டு எது வந்தாலும் கை காட்டினேன். ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்து வைதுவிட்டுப் போனான். நான்காவதாக வந்தது நின்றது.