நீக்குவதற்கு முன்னே விசாரணை

2020 அக்டோபரில், அமெரிக்க இசைப்பதிவு நிறுவனங்களின் சங்கம், காணொளிகளின் பாதுகாப்புப் பூட்டை உடைப்பதாகக் குற்றம் சாட்டி, அந்நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் விடுத்த ஓர் அறிவிப்பின் பேரில், காணொளிகளைப் பதிவிறக்க உதவும் ‘யூடியூப்-டிஎல்’ என்னும் திறந்தமூல மென்பொருளை, கோடிக்கணக்கான நிரலாளர் நம்பியிருக்கும் கிட்ஹப் நிறுவனம் தன் களஞ்சியத்தினின்றும் அகற்றியது. சோதனைக்கென நிரலில் குறிக்கப்பட்டிருந்த சில பாடல்களின் முகவரிகளும் குற்றத்திற்குச் சாட்சியமாகக் காட்டப்பட்டன. பத்திரிகையாளரும் ஆவணக் காப்பாளரும் அக்கருவியை நியாயமான காரியங்களுக்குப் பயன்படுத்தி வந்தனர் என்பதோ கவனம் பெறவில்லை. மின்னணு எல்லைப்புற அறக்கட்டளையின் வழக்கறிஞர்கள், அம்மென்பொருள் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை என்று விளக்கிக் கடிதம் எழுதிய பின்னர், நவம்பர் 16 அன்று அது மீண்டும் களஞ்சியத்தில் சேர்க்கப்பட்டது. அத்துடன், இத்தகைய புகார்களை நிபுணர்களைக் கொண்டு பரிசீலிப்பதாகவும், சந்தேகம் எழுமிடத்து நிரலாளர் பக்கமே சாய்வதாகவும் வாக்களித்த கிட்ஹப், சட்டப் பாதுகாப்புக்கென 10 லட்சம் டாலர் நிதியும் ஒதுக்கியது. மனமாரப் பாராட்டத்தக்க செயல்தான். ஆயினும் இந்தச் சுதந்திரம் ஒரு தனியார் நிறுவனத்தின் தயவில் நிற்பது தகாது. வழக்கறிஞரின் துணையோ, உலகப் பிரசித்தியோ இல்லாத ஒரு சாமானிய நிரலாளரின் படைப்பும், அவருடைய சமாதானத்தைக் கேளாமல் அகற்றப்படலாகாது என்பதை, 1998இல் இயற்றப்பட்ட அந்த அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்திலேயே திருத்தமாக எழுதிச் சேர்க்க வேண்டும்.