தும்பறைப் பாய்: சாயம் அறிந்து பேணல்

கண்டி மாவட்டத்தின் குண்டசாலைப் பகுதியிலுள்ள ஹேனவல கிராமம் தும்பறைப் பாய் நெசவுக்குப் பெயர் பெற்றது. ஹண எனப்படும் கற்றாழை வகைச் செடியின் இலையைப் பலகைமேல் வைத்துச் சதை நீங்கும்வரை சுரண்டுவர். மிஞ்சும் நாரை அலசி உலர்த்திச் சாயமிட்டுத் தறியில் நெய்வர். கண்டி மன்னர் காலத்தில் அரண்மனைக்கு நெய்து கொடுத்த கின்னர சமூகத்தினரே இக்கலையைத் தலைமுறைகளாகக் காத்து வந்தவர்கள். 2021 இல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் புலனாகாப் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

தரையில் விரித்த பாய் இன்று பெரும்பாலும் சுவரில் தொங்கும் கலைப்பொருளாகவே வாங்கப்படுகிறது. 1971 இல் நியூயோர்க்கின் விட்னி அருங்காட்சியகம் அமெரிக்க ஒட்டுத்தையல் போர்வைகளை ஓவியங்களைப்போலச் சுவரில் காட்சிப்படுத்தியது. கட்டிலில் கிடந்த துணி சுவருக்கு ஏறியதும் ஒளியும் சொந்த எடையும் அதற்குப் பகையாயின. தும்பறைப் பாயின் நிலையும் அதுவே.

சேகரிப்பவரின் முதற் கடமை, வாங்கும்போதே சாயத்தைக் கேட்டறிந்து எழுதி வைப்பது. பதிமுகக் கட்டையின் சிவப்பு, மஞ்சள் கிழங்கின் மஞ்சள், கடையில் வாங்கும் இரசாயனச் சாயம் ஆகியவற்றைக் கண்ணால் மட்டும் பிரித்தறிய முடியாது; ஆய்வுகூடச் சோதனைக்கோ செலவு அதிகம். நெய்தவரோ ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவார். பதிவேட்டில் ஊர்ப் பெயரோடு நின்றுவிடாமல் நெய்தவரின் பெயர், ஆண்டு, பாவு நூல் பருத்தியா நாரா என்பது, உருவங்களுக்கு அவர் வழங்கும் பெயர்கள் ஆகியவையும் இடம்பெற வேண்டும். பழைய பாயாயின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். முன்பக்கத்தைவிட அங்கே நிறம் அடர்த்தியாக இருந்தால், அந்த வேறுபாடே வெளிறலின் அளவு.

மஞ்சள் கிழங்கின் நிறம் இயற்கைச் சாயங்களில் மிக விரைவாக வெளிறும்; பதிமுகச் சிவப்பும் ஒளியைத் தாங்காது. எனவே காட்சி ஒளி 50 லக்ஸைத் தாண்டலாகாது. யன்னலுக்கு எதிர்ச் சுவர் ஆகாது. கழியூதாக் கதிரை வடிகட்ட வேண்டும். சில மாதக் காட்சிக்குப்பின் பாயை இறக்கி இருளில் வைப்பது நல்லது. வெளிறிய நிறம் ஓய்வால் மீளாது. மேலும் வெளிறுவது தள்ளிப்போகும், அவ்வளவே.

பாயைக் கழுவவே கூடாது. சவர்க்காரத்தின் காரம் பட்டால் மஞ்சள் செம்பழுப்பாக மாறும். பதிமுகச் சிவப்பு ஊதா சாயும். தூசு உறிஞ்சியை மிகக் குறைந்த விசையில் இயக்கி, பாய்மேல் நைலோன் வலை விரித்து, நெசவின் போக்கிலேயே உறிஞ்ச வேண்டும்.

மலைநாட்டு மழைக்காலத்தில் சாரீரப்பதன் 80 சதவீதத்தை எளிதில் தாண்டும். 65 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சணம் பிடிக்கும். பாயைச் சுவரோடு ஒட்டாமல் சிறு மரக்கட்டைகளால் விலக்கித் தொங்கவிட்டால் பின்னால் காற்று ஓடும். மேல் விளிம்பு முழுவதும் பருத்தி நாடாவில் வெல்க்ரோ தைத்துப் பொருத்தினால் எடை சமமாகப் பரவும். இரண்டு மூலைகளில் மட்டும் ஆணி அடித்தால் நடுப்பகுதி தொய்ந்து நார் பிளக்கும்.

நார் தடித்தது, மடித்த இடத்தில் முறியும். ஆகவே சேமிப்பில் அகன்ற குழாயில், முகப்பு வெளிப்புறமாக இருக்கச் சுருட்ட வேண்டும். இடையே அமிலமற்ற தாளும் மேலே கழுவிய வெள்ளைப் பருத்தித் துணியும் போதும். பொலித்தீன் உறை ஈரத்தை அடைத்து வைக்கும். பூச்சி உருண்டை வேண்டாம். கறையானும் இராமபாணமும் வராமலிருக்க அலுமாரியை நிலத்திலிருந்தும் சுவரிலிருந்தும் விலக்கி, மாதம் ஒருமுறை பரிசோதிப்பதே நம்பகமான காப்பு.

முறிந்த நாரை ஒட்டுப்பசையால் ஒட்டினால் சேதம் பெருகும். தளர்ந்த இடத்துக்குப் பின்னால் மெல்லிய பருத்தித் துணி வைத்து, நார்களின் இடையே ஊசி செலுத்தித் தாங்கு தையல் இடலாம். பின்னர் அதை எளிதில் பிரிக்கவும் முடியும். புதிய பாய் வாங்குவோர் அதே சாயத்தில் தோய்த்த நார்ப்பிடி ஒன்றையும் விலை கொடுத்துப் பெற்று இருளில் வைக்க வேண்டும். நிறம் எவ்வளவு மாறியது என்பதற்கு அது அளவுகோல். செப்பனிட வேண்டிய நாளில் மூலப்பொருளும் அதுவே.