கிளைக் கடைகளும் நாட்கணக்கும்

நெல்லை, தென்காசி, அம்பாசமுத்திரம் எனக் கிளை பரப்பும் வணிக நிலையங்கள் தம் கணக்குமுறையைப் புதுக்குவது வரவேற்கத்தக்கதே. 2023 ஆகஸ்டு முதல், விலக்குப் பெற்றோர் நீங்கலாக, 5 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதலுடைய நிறுவனம் பிற வணிகர்க்குத் தரும் விலைப்பட்டியலை அரசின் மின்னணுத் தளத்தில் ஏற்றி, 64 எழுத்துடைய பதிவெண் பெறுதல் வேண்டும். ஒரு மாநிலத்துக் கிளைகள் பொதுவாக ஒரே வரிப்பதிவின் கீழ் நிற்றலால், ஓராண்டில் இரு கிளைகள் ஒரே பட்டியல் எண்ணை இட்டால் பின்னதன் பதிவு மறுக்கப்படும். கிளைக்கொரு பேரேடு என்னும் பழைய வழக்கம் இனிச் செல்லாது.

வாங்குவோர் யு.பி.ஐ. வழியே செலுத்தும் பணமோ கண்ணிமைப்பொழுதில் வந்து சேர்கின்றது. கோரையைக் கீறி, ஆற்றுநீரில் ஊறவைத்து, உலர்த்திப் பாய் நெய்து கொடுத்த பத்தமடையார்க்கு அப்பணம் என்று சேரும்? இதனையன்றோ நாம் வினவுதல் வேண்டும்! பதிவுபெற்ற குறு, சிறு தொழிலோர்க்குரிய தொகையை, எவ்வுடன்படிக்கை இருப்பினும், 45 நாட்களுக்கு மேல் நிறுத்தலாகாது என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். தாமதித்தால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மும்மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டுவட்டியாய் ஏறும்.

ஆனால் நாள் எண்ணத் தொடங்குவது எப்பொழுது? குறை கூறி எழுதாதவிடத்து, சரக்கு கிளையின் வாயிலில் இறங்கிய நாளே அது. தலைமை நிலையத்துக் கணக்கர் பட்டியலைக் கணினியில் ஏற்றிய நாளன்று. ஆதலின் சரக்கு இறங்கியவுடன் கிளை எழுத்தரே நாளைப் பதிந்து, கொடுத்தவரின் கைபேசிக்கு ஒப்புகை செல்லுமாறு புதுமுறை அமைதல் வேண்டுமென்போம். மென்பொருளில் அதற்கு இடமில்லை என்பாரும் உளர். விற்பனைக்கு உண்டான இடம் கொள்முதலுக்கு மட்டும் இல்லாது போவதேன்? "பட்டியல் இன்னும் வந்து சேரவில்லை" என்ற ஒரு சொல்லைக் கேட்பதற்கே பத்தமடையிலிருந்து பேருந்தேறி வருபவர், அன்றைய நெசவையும் இழக்கின்றாரன்றோ?