பெயர் உங்களுடையதுதான்... வெளிநாட்டிலும்தானா?
இந்தியாவில் டிரேட்மார்க் வாங்கிட்டா உலகம் முழுக்க நம்ம பிராண்டு பத்திரம் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு நாட்டில் செய்த பதிவு அந்த நாட்டுக்குள் மட்டுமே செல்லும்.

ஆப்பிளே இதில் சிக்கியது. 'ஐபேட்' பெயரை ப்ரோவியூ குழுமத்தின் தைவான் நிறுவனத்திடம் அது விலைக்கு வாங்கியிருந்தது. ஆனால், சீனாவில் அந்தப் பெயர் அதே குழுமத்தின் ஷென்ஜென் நிறுவனத்தின் பேரில் பதிவாகியிருந்தது. வழக்கை முடிக்க 2012-ல் ஆப்பிள் கொடுத்தது 6 கோடி டாலர்! மசாலா பொடி ஏற்றுமதி செய்யும் சின்ன நிறுவனத்தால் இது முடியுமா?

வழி இருக்கு. 2013-ல் இந்தியா மாட்ரிட் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. உங்கள் இந்தியப் பதிவையோ விண்ணப்பத்தையோ வைத்து, ஒரே விண்ணப்பத்தில் சிங்கப்பூர், மலேசியா, அமீரகம் எனத் தேவையான நாடுகளைக் கேட்கலாம். ஒவ்வொரு நாடும் தனித்தனியாகப் பரிசீலித்தே முடிவு சொல்லும். இந்தியாவில் விண்ணப்பித்த 6 மாதத்துக்குள் கேட்டால், அந்த முதல் தேதியே அங்கேயும் கணக்கில் வரும். ஒரு எச்சரிக்கை: முதல் 5 ஆண்டுகளுக்குள் இந்தியப் பதிவு ரத்தானால், சர்வதேசப் பதிவும் ஆட்டம் காணும்.

கடை திறந்த பிறகு பெயருக்குச் சண்டை போடுவதைவிட, முதல் கன்டெய்னர் கப்பல் ஏறும் முன்பே விண்ணப்பித்துவிடுவது ரொம்பச் சிக்கனம்.