தோற்கிற அணியில் நன்றாக ஆடுபவர் குற்றவாளியா?



ஓர் அணி தொடர்ந்து தோற்கும்போது கவனித்திருப்பீர்கள். வசை முழுவதும் ஒரே ஆளின் தலையில்தான் விழும். அந்த அணியில் உருப்படியாக ஆடுகிறவரும் பெரும்பாலும் அவராகவே இருப்பார்! சுமாராக ஆடுகிற மற்றவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. இது நியாயமா என்பதுதான் இன்றைய பதிவு.

கூடைப்பந்தில் இந்த வழக்கம் இன்னும் அதிகம். அதற்குக் காரணம் உண்டு. கிரிக்கெட்டில் பதினொரு பேர். இங்கே களத்தில் ஐந்தே பேர். ஐந்தில் ஒருவர் அசாத்தியத் திறமைசாலி என்றால், 'இவர் ஒருவர் போதுமே' என்று ரசிகர் மனம் கணக்குப் போடும். எதிரணியும் அதே கணக்கைத்தான் போடுகிறது. அவரை மறிக்க இரண்டு பேரை அனுப்புகிறது. அப்போது இந்தப் பக்கம் ஒருவர் தடையின்றி நிற்பார். நட்சத்திர வீரர் அவருக்குப் பந்தைக் கொடுக்கிறார். அவர் தவறவிடுகிறார். பழி யாருக்கு? பந்தைக் கொடுத்தவருக்கு!

அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக்கில் கெவின் கார்னெட் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

1995-இல் மினசோட்டா டிம்பர்வுல்வ்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. பள்ளி முடித்து நேராக வந்தவர், வயது 19. அதுவரை அந்த அணி பிளே-ஆஃப் வாசலையே மிதித்ததில்லை. 1997 முதல் எட்டு ஆண்டுகள் தொடர்ந்து போனது. ஆனால் அதில் முதல் ஏழு ஆண்டுகளும் முதல் சுற்றிலேயே தோல்வி. 1997-இல் அவருக்கு ஆறு ஆண்டுகளுக்கு 12.6 கோடி டாலர் ஒப்பந்தம் வேறு போட்டிருந்தார்கள். "இவ்வளவு பணம் வாங்குகிறாரே, கடைசி நிமிடத்தில் தானே பந்தைப் போடாமல் அடுத்தவருக்குக் கொடுக்கிறாரே" என்று குறை சொன்னார்கள்.

நிர்வாகம் என்ன செய்தது? ஜோ ஸ்மித் என்ற வீரருடன் விதிக்குப் புறம்பாக ரகசிய ஒப்பந்தம் செய்து 2000-இல் மாட்டிக்கொண்டது. 35 லட்சம் டாலர் அபராதம். புதிய வீரர்களை எடுக்கும் டிராஃப்ட்டில் ஐந்து ஆண்டு முதல் சுற்று உரிமையும் பறிபோனது. இரண்டு மட்டும் பிறகு திரும்பக் கிடைத்தது. நல்ல துணை வீரர்கள் வரும் வழியை அடைத்தது நிர்வாகம். கோப்பை எங்கே என்ற கேள்வி மட்டும் கார்னெட்டுக்கு.

2003-04-இல் சாம் கேசல், லட்ரெல் ஸ்ப்ரூவெல் என்று இரண்டு அனுபவசாலிகள் வந்தார்கள். உடனே 82 ஆட்டங்களில் 58 வெற்றி. லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதும் கார்னெட்டுக்கே. சாக்ரமென்டோவுக்கு எதிரான ஏழாவது ஆட்டம் அவருடைய 28-வது பிறந்தநாளன்று நடந்தது. 32 புள்ளிகள், 21 ரீபவுண்டுகள் எடுத்து ஜெயித்துக் கொடுத்தார். அடுத்த சுற்றில் கேசல் காயத்தால் தடுமாற, அணி லேக்கர்ஸிடம் தோற்றது. அதன் பிறகு மூன்று ஆண்டுகள் பிளே-ஆஃப் கிடையாது. அந்த மூன்று ஆண்டும் ரீபவுண்டில் லீக்கின் முதலிடம் கார்னெட்டுக்குத்தான்!

2007-இல் பாஸ்டன் செல்டிக்ஸுக்குப் போனார். முந்தைய ஆண்டு 24 ஆட்டங்கள் மட்டுமே ஜெயித்த அணி அது. பால் பியர்ஸ், ரே ஆலன், கார்னெட் மூவரும் சேர்ந்ததும் 66 வெற்றி, 2008-இல் கோப்பை. இதில் ஒன்றைக் கவனியுங்கள். மினசோட்டாவில் கடைசி ஆண்டு அவருடைய சராசரி 22.4 புள்ளிகள். கோப்பை வென்ற ஆண்டில் 18.8. குறைவாகப் போட்டபோதுதான் ஜெயித்தார்! மாறியது அவரல்ல, அவரைச் சுற்றி நின்றவர்கள்.

ஆசிரியர்களுக்கு இது புதிதல்ல. நாற்பது பேர் வகுப்பில் ஒரு மாணவி நூற்றுக்கு நூறு வாங்கலாம். தேர்ச்சி விகிதக் கணக்கில் அவள் ஒருத்திதான். விகிதம் குறைந்தால் அவளை நிற்க வைத்துத் திட்டுவோமா? கற்பித்தவரை, தலைமையாசிரியரைத்தான் கேட்போம்.

அப்படியானால் நட்சத்திர வீரரிடம் எதையும் எதிர்பார்க்கக் கூடாதா? கூடும். கோடிகளில் சம்பளம் வாங்குகிறவர் ஒழுங்காகப் பயிற்சிக்கு வர வேண்டும், முழு மூச்சாக ஆட வேண்டும், கூட ஆடுகிறவர்களை அரவணைக்க வேண்டும். டிக்கெட் வாங்கிய ரசிகருக்கு அதைக் கேட்க உரிமை உண்டு. அணியைக் கட்டுவது அவர் வேலையல்ல. அதற்குத் தனியாக ஆள் இருக்கிறார். அவருக்கும் சம்பளம் உண்டு. கேள்வியை அங்கே அனுப்புங்கள்.

இன்னொன்று. நாம் டிவி முன்னால் கத்துவதைப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 'நன்றாக ஆடினால் திட்டும் நமக்குத்தான்' என்று ஒரு பிள்ளை புரிந்துகொண்டால், அடுத்த முறை முன்னால் வந்து பொறுப்பேற்கத் தயங்கும். அந்த நஷ்டம் எந்தத் தோல்வியையும்விடப் பெரியது.

உங்கள் எண்ணத்தையும் எழுதுங்கள் நண்பர்களே.