சட்டத் திண்ணை: அபராதம் கட்டினால் வழக்கு முடிந்துவிடுமா?

கேள்வி: “பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் குப்பம். காணும் பொங்கல் அன்று சுற்றிப் பார்க்க வந்த 14 பேரை, என் மகன் அவன் சித்தப்பாவின் ஃபைபர் படகில் காசு வாங்கி ஏற்றிக்கொண்டு முகத்துவாரம் வரை போனான். திரும்பும்போது படகு மணல் திட்டில் ஏறிச் சாய்ந்துவிட்டது. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் போலீஸார் மகன் மீதும் என் கொழுந்தனார் மீதும் வழக்குப் போட்டு, படகையும் பிடித்து வைத்திருக்கிறார்கள். ‘கோர்ட்டில் ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் ஒரே நாளில் முடிந்துவிடும்’ என்று ஊரில் சொல்கிறார்கள். மகன் போலீஸ் வேலைக்குத் தேர்வு எழுதப் படிக்கிறான். என்ன செய்வது?”
- ஒரு வாசகி, பொன்னேரி வட்டம்.

பதில்: வழக்கறிஞர் ஒருவரிடம் காகிதங்களைக் காட்டும் வரை, குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டாம். அபராதம் கட்டினால் வழக்கு முடியும் என்பது உண்மைதான். ஆனால் அது ‘தண்டனை’ என்ற பெயரில் முடியும். குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர், ‘நான் குற்றவாளி அல்ல’ என்று பிறகு மேல்முறையீடு செய்ய முடியாது. தண்டனையின் அளவையோ, அது சட்டப்படி சரியா என்பதையோ மட்டுமே கேட்க முடியும்.

என்ன பிரிவு, எவ்வளவு தண்டனை?

முதலில் முதல் தகவல் அறிக்கையின் (எஃப்.ஐ.ஆர்.) நகலைப் பெறுங்கள். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலிருந்தே எடுக்கலாம். சம்பவம் 1.7.2024-க்குப் பிறகு நடந்திருந்தால் புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா பொருந்தும். அதற்கு முந்தைய சம்பவம் என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டம்.

உயிருக்கு ஆபத்து வரும் நிலையில் உள்ள படகிலோ, அளவுக்கு மீறி ஏற்றிய படகிலோ, காசு வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றிச் சென்றால் பிரிவு 284. அதிகபட்சம் 6 மாதச் சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கண்மூடித்தனமாகப் படகு ஓட்டினால் பிரிவு 282. அதற்கும் 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இரண்டுமே ஜாமீனில் விடக்கூடியவை. ஜாமீன் கேட்பது உரிமை. காவல் நிலையத்திலேயே பெறலாம்.

அதிகாரிகளின் தடை உத்தரவை மீறியதாகப் பிரிவு 223-ம் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பிரிவை நீதிமன்றம் விசாரிக்க, சம்பந்தப்பட்ட அரசு அதிகாரியின் எழுத்துப்பூர்வமான புகார் வேண்டும்.

ஓட்டியவர் மகன். சித்தப்பா மீது ஏன் வழக்கு?

பிரிவு 284 ‘ஏற்றிச் செல்பவர்’, ‘ஏற்றிச் செல்ல வைப்பவர்’ இருவரையும் குறிப்பிடுகிறது. படகுக்காரர் தெரிந்தே சவாரிக்கு அனுப்பியிருந்தால் அவரும் பொறுப்பு. மகன் கேட்காமல் எடுத்துப் போயிருந்தால் நிலைமை வேறு. ‘எல்லாவற்றையும் பையன் ஏற்றுக்கொள்ளட்டும்’ என்று வீட்டில் பேசி முடிக்க வேண்டாம். இருவரும் தனித்தனியாக ஆலோசனை பெறுவது நல்லது.

படகு எப்போது கிடைக்கும்?

வழக்கு முடியும் வரை காத்திருக்கத் தேவையில்லை. நீதிமன்றத்தில் இடைக்காலமாகப் படகைத் திரும்பக் கேட்டு மனுப் போடலாம். பிடிபட்ட வாகனங்களைக் காவல் நிலையத்தில் நீண்ட காலம் போட்டு வைப்பதில் பயனில்லை, தகுந்த உறுதிப் பத்திரம் வாங்கிக்கொண்டு ஒப்படைக்க வேண்டும் என்று 2002-ல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. படகின் பதிவுச் சான்று, சித்தப்பாவின் அடையாள அட்டை, படகின் போட்டோக்கள் ஆகியவற்றைத் தயாராக வையுங்கள்.

மகனின் வேலை என்னாகும்?

விண்ணப்பத்தில் வழக்கு பற்றிக் கேட்டால் மறைக்கவே கூடாது. சிறிய வழக்கை விட, அதை மறைத்ததே பலருக்கு வேலையைப் பறித்திருக்கிறது. விவரங்களை உண்மையாகச் சொல்ல வேண்டும் என்றும், சொன்ன பிறகு வழக்கின் தன்மையைப் பார்த்து முடிவெடுக்கலாம் என்றும் 2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

வழக்கை நடத்தும்போது அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டியவை பல: காசு வாங்கியது, படகு தாங்கக்கூடிய எண்ணிக்கை, அதற்கு மேல் ஏற்றியது, அதனால் உயிருக்கு ஆபத்து இருந்தது. சாட்சியம் வலுவாக இருந்து தண்டனை உறுதி என்ற நிலை வந்தால், 1958-ம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டப்படி எச்சரித்தோ, நன்னடத்தைப் பத்திரத்திலோ விடும்படி கேட்கலாம். அந்தச் சட்டத்தின் 12-வது பிரிவு, தண்டனையால் வரும் தகுதியிழப்பை நீக்குகிறது. ஆனாலும் வேலை கொடுப்பவர் நடத்தையைப் பற்றி விசாரிக்கலாம்.

இன்னொன்று: 284, 282, 223 ஆகிய பிரிவுகள் மட்டும் இருந்தால், குற்றப்பத்திரிகை பொதுவாக ஓராண்டுக்குள் நீதிமன்றத்துக்கு வர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் தாமதத்தை நீதிமன்றம் மன்னிக்கலாம். தேதிகளைக் குறித்து வையுங்கள்.

உயிர் போயிருந்தால்?

2011 டிசம்பர் 25 அன்று இதே பழவேற்காடு ஏரியில் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்ததை உங்கள் ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில், சுற்றுலாப் படகாக மாற்றப்பட்ட மீன்பிடிப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அங்கு படகு உரிமையாளர் மீது கொலைக் குற்றப் பிரிவே போடப்பட்டது.

கவனக்குறைவால் மரணம் ஏற்பட்டால் பிரிவு 106(1). பழைய சட்டத்தில் 2 ஆண்டு வரை இருந்த சிறை, இப்போது 5 ஆண்டு வரை. ஆபத்து என்று தெரிந்தே செய்ததாகக் கருதி பிரிவு 105 போட்டால் 10 ஆண்டு வரை போகலாம். அதில் ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது. அன்று மணல் திட்டில் சாய்ந்த படகு ஆழத்தில் சாய்ந்திருந்தால், உங்கள் வீட்டு வழக்கு இந்தப் பிரிவுகளில்தான் வந்திருக்கும். டிராக்டர் டிரெய்லரில் நாற்று நடவுக்கு ஆட்களை ஏற்றும் விவசாயிகளுக்கும் 106 பொருந்தும்.

செலவுக்கு வழி?

பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், காவலில் உள்ளவர்கள், வருமான வரம்புக்குள் வருபவர்கள் ஆகியோருக்கு அரசு செலவில் வழக்கறிஞர் கிடைப்பார். பொன்னேரி நீதிமன்ற வளாகத்தில் வட்டச் சட்டப்பணிகள் குழுவை அணுகுங்கள், அல்லது 15100 என்ற இலவச எண்ணில் கேளுங்கள். போலீஸார் பி.என்.எஸ்.எஸ். 35(3)-ன்படி நோட்டீஸ் கொடுத்தால், குறித்த நாளில் மகனைத் தவறாமல் ஆஜராகச் சொல்லுங்கள். ஆஜராகி ஒத்துழைப்பவரைக் கைது செய்ய வேண்டுமானால், போலீஸார் அதற்கான காரணத்தை எழுதி வைக்க வேண்டும்.

படகு திரும்பி வந்த பிறகு, தடை இருக்கும் வரை சவாரி வேண்டாம். அனுமதி கிடைக்கும் நாளிலும், எண்ணி ஏற்றுங்கள். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஒருவரையும் ஏற்றாதீர்கள்.