காத்திராதவளின் கதை

ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன்னர் வெளிவந்த ஒரு பிரெஞ்சுத் திரைப்படத்தை அண்மையில்தான் முதன்முறையாகப் பார்க்கக் கிடைத்தது. விடுமுறைக்கு வந்திருந்த மகள் தனது மடிக்கணினியைத் தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்துவிட்டு, "அப்பா, இது முழுக்கப் பாட்டுப் படம். பத்து நிமிஷம் பொறுத்துப் பாருங்கோ. பிடிக்காட்டி நிப்பாட்டுவம்" என்றாள். பாட்டுப் படத்தைப் பொறுத்துப் பார்க்கும்படி ஒரு தமிழனிடம் சொல்வது வேடிக்கைதான் என்று எண்ணிக்கொண்டேன்.

படத்தின் பெயர் 'செர்பூரின் குடைகள்'. 1964இல் வெளியானது. இயக்கியவர் ஜாக் தெமி. இசை மிஷேல் லெக்ரான். அவ்வாண்டு கான் திரைப்பட விழாவின் உயரிய பரிசைப் பெற்றது. அண்மைக் காலத்தில் பலரும் கொண்டாடிய 'லா லா லாண்ட்' படத்தின் இயக்குநர், தமக்கு ஆதர்சமாக இருந்த படங்களுள் ஒன்றாக இதனைக் குறிப்பிட்டிருக்கிறார்.

நமது படங்களில் கதை நிற்கும், பாட்டுத் தொடங்கும். பாட்டு முடியும், கதை நகரும். இப்படத்தில் அந்த எல்லைக்கோடே இல்லை. முதற் காட்சியிலிருந்து இறுதிக் காட்சிவரை ஒரு சொல்லேனும் வெறும் பேச்சாக வருவதில்லை. வாகனத் திருத்தகத்தில் வேலை முடிந்துவிட்டதா என்று வாடிக்கையாளர் கேட்பதும், கட்டவேண்டிய வரிப்பணத்தை எண்ணித் தாய் புலம்புவதும் பாட்டாகவே ஒலிக்கின்றன. நடனமில்லை, குழுப்பாடகர்கள் இல்லை, கனவுக் காட்சி இல்லை. தொடக்கத்தில் ஒரு தொழிலாளி, ஆட்கள் பாடிக்கொண்டேயிருக்கும் ஒப்பெரா தனக்கு ஒத்துவராது, சினிமாதான் மேல் என்கிறான். அதையும் அவன் பாடித்தான் சொல்கிறான். அந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். அதன்பின் சிரிப்பதற்கு அதிகம் கிடைக்கவில்லை.

கதை மிக எளிமையானது. 1957 நவம்பர். செர்பூர் என்னும் துறைமுக நகரில் குடைக்கடை நடத்தும் ஒரு விதவையின் மகள் ஜென்வியேவ். அவளுக்கும் வாகனத் திருத்துநனான கீ என்ற இளைஞனுக்கும் காதல். கட்டாய இராணுவச் சேவைக்கு அவன் அழைக்கப்பட்டு, அல்ஜீரியாவுக்கு இரண்டாண்டுகள் செல்ல நேர்கிறது. காத்திருப்பதாக அவள் சொல்கிறாள். அவன் சென்றபின் தான் கருவுற்றிருப்பதை அறிகிறாள். கடிதங்கள் அரிதாகவே வருகின்றன. கடனில் மூழ்கும் கடை, செல்வந்த நகை வணிகர் ஒருவரின் கண்ணியமான திருமண வேண்டுகோள், தாயின் வற்புறுத்தல் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கின்றன. வேறொருவரின் குழந்தையைத் தன் குழந்தையாக ஏற்க அந்த வணிகர் முன்வருகிறார். அவள் மணந்துகொள்கிறாள். காயமுற்ற காலுடன் திரும்பும் கீயை வரவேற்பது கைமாறிப்போன கடைதான்.

இதைக் கேட்டவுடன் நம்மவர் பலரும் சொல்லக்கூடிய ஒரு வாக்கியம் உண்டு: "அவளால் காத்திருக்க முடியாமற் போய்விட்டது." அந்த வாக்கியத்தைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

தமிழிலக்கியம் பயின்ற எவருக்கும் முல்லைத்திணை நினைவுக்கு வரும். கார்காலம், மாலைப்பொழுது, வினைமேற் சென்ற தலைவன், ஆற்றியிருக்கும் தலைவி. இப்படமும் மழையிலேயே தொடங்குகிறது. ஆனால் முல்லைத் தலைவியின் வீட்டுக்கு வரி அறிவித்தல் வந்ததாக எந்தப் புலவரும் பாடவில்லை. நமக்கு அந்தத் திணை கற்பின் இலக்கணமாகப் பதிந்துவிட்டது. காத்திருப்புக்கு ஆகும் செலவை நாம் கணக்கிட்டதில்லை.

தொண்ணூறுகளின் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்கு அந்தக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1990இலிருந்து மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். சைக்கிளைக் கவிழ்த்துவைத்து டைனமோவைச் சுழற்றி வானொலியில் பாட்டுக் கேட்டோம். கொழும்புக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வர மாதங்கள் ஆகும், வராமலும் போகும்.

அக்காலத்தில் எனது நண்பன் ஒருவன் ஊரைவிட்டுப் போனான். ஒன்றரை வருடமாக அவனிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. அவனுக்காகக் காத்திருந்த பெண்ணுக்கு வீட்டார் வேறு சம்பந்தம் பேசி முடித்தனர். நாங்கள் தேநீர்க்கடையில் அமர்ந்து அவளைத் திட்டித் தீர்த்தோம். நான் ஒருபடி மேலே சென்றேன். பெயரை மாற்றி அதை ஒரு சிறுகதையாக எழுதினேன். வாரமலர் ஒன்றில் வெளிவந்தது. வாக்குத் தவறியவள் இறுதியில் கண்ணீர் வடிப்பதாக முடித்திருந்தேன். பலர் பாராட்டினர். ஊரில் அது யாருடைய கதை என்று எல்லோருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவளது தந்தை அப்போது படுக்கையில் இருந்தார் என்பதும், அவளுக்குப் பின் இரு தங்கைகள் இருந்தனர் என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தன. கதையில் அவற்றுக்கு இடமிருக்கவில்லை.

ஜாக் தெமி அவற்றுக்கே இடமளிக்கிறார். ஜென்வியேவை அவர் குற்றக் கூண்டில் ஏற்றவில்லை. கீயை நினைத்தால் அவனுடைய முகம் வருவதில்லை, கையிலுள்ள புகைப்படம் மட்டுமே வருகிறது என்று அவள் கலங்கும் இடம் ஒன்றுண்டு. பிரிவை அனுபவித்த எவரும் அதை அறிவர். தாயும் கொடியவளல்லள், வணிகரும் வில்லனல்லர். போரும் கடனும் கூடி நான்கு பேரின் வாழ்க்கையை வேறு திசைக்குத் திருப்பிவிடுகின்றன. படத்தில் ஒரு துப்பாக்கிச் சத்தமும் கேட்பதில்லை. ஆயினும் நான் பார்த்த யுத்தப் படங்கள் பலவற்றைவிட இது யுத்தத்தை நன்கறிந்த படம்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். அந்த யுத்தம் அல்ஜீரியர்களின் மண்ணில் நடந்தது. 1954 முதல் 1962 வரை பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரெஞ்சு இளைஞர் கட்டாயச் சேவையாக அங்கு அனுப்பப்பட்டனர். கீ அங்கு என்ன செய்தான், யாருடைய வாசலில் துப்பாக்கியுடன் நின்றான் என்று படம் கேட்பதில்லை. வாசலில் இராணுவம் வந்து நின்றதைக் கண்டு வளர்ந்த எனக்கு அந்தக் கேள்வி எழாமல் இருக்க முடியாது. எனினும் காலத்தையும் கருத்திற் கொள்ளவேண்டும். கொதார் 1960இல் எடுத்த 'சின்னச் சிப்பாய்' இந்த யுத்தத்தைத் தொட்டதற்காக 1963வரை தடைசெய்யப்பட்டிருந்தது. அது யுத்தம்தான் என்பதைப் பிரெஞ்சு அரசு சட்டப்படி ஏற்றுக்கொண்டதே 1999இல்தான். அந்தச் சூழலில் கடைகளின் சுவர்களில் இளஞ்சிவப்பும் ஊதாவும் பூசி, காதல் பாட்டுக்குள்ளே அல்ஜீரியா என்ற சொல்லை தெமி ஒலிக்கச் செய்தார்.

இறுதிக் காட்சி 1963 டிசம்பர், நத்தார் காலம். கீ இப்போது ஒரு பெற்றோல் நிலையத்தின் உரிமையாளன். மனைவியும் மகனும் உண்டு. பனி பெய்யும் இரவில் விலையுயர்ந்த கார் ஒன்று வந்து நிற்கிறது. உள்ளே ஜென்வியேவும் அவனுடைய மகளும். இருவரும் சில நிமிடங்கள் பேசுகின்றனர். எந்த ரகப் பெற்றோல் வேண்டும் என்று ஊழியன் இடையில் கேட்கிறான். குழந்தையைப் பார்க்கிறாயா என்று அவள் கேட்க, அவன் மறுத்துவிடுகிறான். நலமா என்று அவள் கேட்கிறாள், நலம் என்கிறான். கார் போய்விடுகிறது. அவனுடைய மனைவியும் மகனும் திரும்பி வருகிறார்கள். மகனுடன் அவன் பனியில் விளையாடுகிறான். ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

மகள் என்னைத் திரும்பிப் பார்த்து, "அழுறியளா?" என்றாள். அவளிடம் அந்தச் சிறுகதையைப் பற்றிச் சொன்னேன். வெட்டி ஒட்டிவைத்திருந்த பழைய கொப்பியை எடுத்துக்கொடுத்தேன். வாசித்துவிட்டு, "இதில அந்த அக்கா ஒரு வார்த்தையும் பேசேல்லையே, அப்பா" என்றாள்.

அது உண்மை. முப்பது ஆண்டுகளுக்குப் பின் எடுத்துப் பார்க்கிறேன். மூன்று பக்கக் கதையில் அவளுக்கு ஒரு வசனத்தைக்கூட நான் எழுதியிருக்கவில்லை.